ஓசிப் புத்தகத்துக்கு எத்தனை ஸ்டார்?

கே: அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தாங்களே வெளியிடுகிறவர்களின் காதல், மாயாஜால நாவல்களுக்கு விமர்சனம் எழுதுகிறேன். ஓர் எழுத்தாளர் இலவசமாகப் புத்தகம் அனுப்பிவிட்டு ஐந்து ஸ்டார் கேட்கிறார். போடலாமா?
– கல்லூரி மாணவி, திருச்சி

ப: கூடவே கூடாது. இலவசமாகக் கொடுப்பதை அமேசான் தடுக்கவில்லை, ஆனால் பதிலுக்கு விமர்சனம் போட்டே ஆகவேண்டும் என்று கேட்பது விதிமீறல். அதற்காக, தாங்களே வெளியிட்ட புத்தகம்தானே என்ற இளக்காரமும் வேண்டாம், கிறிஸ்டோபர் பாவ்லினியின் புகழ்பெற்ற மாயாஜால நாவல் ‘எரகான்’கூட 2002-இல் அவர் குடும்பமே வெளியிட்டதுதான். விமர்சனத்தில் எழுத்துப்பிழையை ஒரு வரியில் சொல்லிவிட்டு, மந்திரத்துக்கு ஏதாவது கட்டுப்பாடு இருக்கிறதா, இல்லை நாயகி மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் புதுசாக ஒரு சக்தி முளைக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், அவள் வேண்டாம் என்ற பிறகும் பின்னாலேயே வருகிறவன்தான் ஹீரோ என்றால், 15 வயதுப் பிள்ளைகளும் படிப்பார்கள், அது தப்பு என்று தயங்காமல் எழுதுங்கள்.