டெலிவரி துட்டு யாரு துட்டு?

பாளையங்கோட்டையில் புத்தகக் கடை நடத்தும் அண்ணாச்சி, ஆன்லைனில் புத்தகம் வாங்குவது பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கல்லிடைக்குறிச்சி வாசகி: தாமிரபரணிக் கரைக் கோயில்கள் பற்றிய ஒரு புத்தகம், 200 பக்கம், விலை 150 ரூபாய். சென்னைப் பதிப்பகத்தின் தளத்தில் டெலிவரிக்கு மட்டும் 80 ரூபாய் கேட்கிறது. பாதி விலைக்கு மேல் சுமைகூலியா, அண்ணாச்சி?

கோவம் நியாயந்தான் தங்கச்சி. ஆனா விக்கிறவன் கணக்கையும் கொஞ்சம் கேளுங்க. 150 ரூவா புத்தகத்துக்கு எங்களை மாதிரிக் கடைக்குக் கிடைக்கிற கழிவு, அதாவது கமிஷன், 30, 35 சதவீதம். 50 ரூவான்னு வைங்க. உங்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடி குடுத்தா மிச்சம் 35. அட்டை, கவரு, டேப்பு, கட்டுத பையன் சம்பளம், கடை வாடகை எல்லாம் அதுக்குள்ளதான். கூரியர் கூலியையும் அதுலயே போடுன்னா ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான். பதிப்பகத்துக்காரங்க கதையும் ரொம்ப வேற இல்ல.

கூலி புத்தகத்தோட விலையைப் பாத்துப் போடுதது இல்ல. எடை, தூரம், அவசரம், இந்த மூணுக்குந்தான். டெமி சைஸ்ல, அதாவது வழக்கமான புத்தக அளவுல, 200 பக்கப் புத்தகம் எங்க தராசுல 230 கிராம் வாக்குல நிக்கும். மேலயும் கீழயும் அட்டை வச்சு, கவர்ல போட்டு, டேப்பு சுத்தினா 280-ஐத் தொடும். கட்டுதவன் கை தாராளமாப் போச்சுன்னா 300-ஐத் தாண்டிரும். இந்த 300 முக்கியம், ஏன்னு சொல்லுதேன்.

தபால்ல பதிவுப் புத்தக அஞ்சல்னு சல்லிசா ஒண்ணு இருந்துச்சு. 2024 டிசம்பர்ல அதை நிறுத்திட்டாங்க. சின்னப் பதிப்பகங்க தவிச்சுப் போச்சு. பொறவு 2025 மே 1-ல இருந்து ‘ஞான் போஸ்ட்’ வந்திருக்கு. 300 கிராம் வரைக்கும் 20 ரூவா, அதிகபட்சம் 5 கிலோவுக்கு 100 ரூவா. வரி தனி. எங்க வருதுன்னு டிராக்கிங்ல பாத்துக்கிடலாம். விமானத்துல ஏத்த மாட்டாங்க, தரை வழிதான், அதனால மெதுவாத்தான் வரும். பாடப் புத்தகம், போட்டித் தேர்வுப் புத்தகம், சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த நூல்கள், இதுக்குத்தான் இந்தச் சலுகை. புத்தகத்துல அச்சகம் இல்லாட்டிப் பதிப்பகத்தோட பேரு இருக்கணும். வாரப் பத்திரிகை போவாது. நாவல்னா கவுண்டர்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கட்டுதது நல்லது. உங்க கோயில் புத்தகத்துக்கு அந்தக் கவலை இல்ல.

தளத்துல இதுக்குப் பட்டன் இருக்கணும்னு இல்ல. பதிப்பகத்துக்குப் போன் போட்டு, “எனக்கு அவசரமில்ல, ஞான் போஸ்ட்ல அனுப்புவீங்களா?”ன்னு கேளுங்க. எங்கிட்ட அப்படிக் கேக்கிறவங்களுக்கு நான் அனுப்பத்தான் செய்யுதேன்.

இன்னொண்ணு. ஒத்தைப் புத்தகத்துக்கு ஆர்டர் போடாதீங்க. 5 கிலோவுல இதே அளவுப் புத்தகம் பதினெட்டு வரைக்கும் தாராளமாப் பிடிக்கும். அப்படிப் பாத்தா புத்தகத்துக்கு ஆறு, ஏழு ரூவாதான் விழுது. டவுன்ல இருந்து ஜங்ஷனுக்குத் தனி ஆட்டோ பிடிக்கதுக்கும் ஷேர் ஆட்டோல போறதுக்கும் உள்ள வித்தியாசம். தெருவுல நாலு வீட்டுல கேட்டு, சேத்து வாங்குங்க. (அப்பளத்தை உடையாம ஊர் ஊரா அனுப்புத ஊருக்குப் பார்சல் பத்தி நான் சொல்லித் தரணுமா!)

தச்சநல்லூர் வாசகர்: ‘ஃப்ரீ டெலிவரி’ தரும் தளங்கள் இருக்கும்போது பதிப்பகத்திடம் ஏன் வாங்க வேண்டும்?

வாங்கணும்னு சட்டமா? வீட்டு வாசலுக்கு வந்து சேருத மொத்த விலையைப் பாருங்க, அவ்வளவுதான். மேல சொன்ன 150 ரூவா புத்தகம் ஒண்ணே ஒண்ணுன்னா, முழு விலையில ஃப்ரீ டெலிவரி குடுக்கிற இடத்துல வாங்குங்க. 10 சதவீதம் தள்ளி 135 போட்டு, அதுக்கு மேல 80 கூலி குடுத்தா 215 ஆயிருதுல்லா. அதே மாதிரி ஆறு புத்தகம்னா தள்ளுபடியே 90 ரூவா. தபால்ல வந்தா செலவு அதுக்குள்ள அடங்கிரும். அப்பம் பதிப்பகந்தான் லாபம்.

ஃப்ரீக்கு இவ்வளவு ரூவாய்க்கு மேல வாங்கணும்னு ஒரு கோடு போட்டிருப்பாங்க பாருங்க, அங்கதான் நம்மாளு விழுவான். 40 ரூவா கூலியை மிச்சம் பிடிக்க 200 ரூவாய்க்குப் படிக்காத புத்தகம் ஒண்ணைச் சேத்து வாங்குவான். பெறவு அது ஸ்டூல் காலுக்கு முட்டுக் குடுக்கத்தான் ஆவும்.

விக்கிரமசிங்கபுரம் பக்கத்துக் கிராம வாசகர்: கூரியர்காரர் போன் செய்து, “அம்பாசமுத்திரம் ஆபீசுக்கு வந்து வாங்கிக்கோங்க” என்கிறார். டெலிவரி சார்ஜும் கொடுத்து, பஸ் டிக்கெட்டும் எடுக்கணுமா?

ஆர்டர் போடுத முன்னால எந்தக் கூரியர்னு கேளுங்க. அந்தக் கம்பெனிக்கு உங்க ஊர்ல ஆளு இல்லன்னா தபாலைக் கேட்டு வாங்குங்க. கிராமத்துக்குள்ள வாரது தபால்காரர்தான். ரிஜிஸ்டர் தபாலை 2025 செப்டம்பர்ல ஸ்பீடு போஸ்ட்டோட சேத்துட்டாங்க. அதனால “ரிஜிஸ்டர்ல அனுப்புங்க”ன்னு பழைய மாதிரி கேட்டுக்கிட்டு இருக்காதீங்க. அவசரம்னா ஸ்பீடு போஸ்ட், இல்லன்னா ஞான் போஸ்ட்.

விலாசத்துல ‘பிள்ளையார் கோயில் எதிர்’னு மட்டும் எழுதாம, உங்களுக்குத் தபால் கொண்டு வாரது எந்த ஆபீஸோ அதோட பேரையும் பின்கோடையும் எழுதுங்க. தென்காசிப் பக்கத்து வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: 2019-ல மாவட்டம் பிரிஞ்சாலும் பின்கோடு 627-லதான் தொடங்குது. தளத்துல மாவட்டம் ‘திருநெல்வேலி’ன்னே வந்தா பதற வேண்டாம், ஊரும் பின்கோடும் சரியா இருந்தாப் போதும்.

நாங்குநேரி ஆசிரியை: பள்ளி நூலகத்துக்கு 40 புத்தகங்கள் வேண்டும். லாரி சர்வீஸில் போடச் சொல்லலாமா?

40 புத்தகம் பெரிய லோடு இல்ல டீச்சர். மொத்தம் பத்து கிலோ வாக்குல வரும். லாரி பார்சல்ல கூலி கம்மி மாதிரித் தெரியும். ஆனா திருநெல்வேலி குடோன்ல போய் ‘டு பே’ துட்டைக் (சரக்கை எடுக்கிறவங்க கட்டுத கூலி) கட்டி, இறக்குகூலி குடுத்து, நாங்குநேரிக்கு ஆளு தூக்கிட்டுப் போவணும். ஞான் போஸ்ட்ல மூணு கட்டாப் போட்டாலே 300 ரூவாயும் வரியுந்தான், பள்ளிக்கூட வாசல்ல வந்து இறங்கும். 200, 300 புத்தகம்னா அப்பம் லாரியைப் பாக்கலாம். படம் போட்ட சிறுவர் புத்தகம்லாம் வழவழ தாள்ல இருக்கும், பக்கம் கம்மின்னாலும் கனக்கும், எடையைக் கேட்டுக்கிடுங்க.

ஒரு மாசம் ரெண்டு மாசம் பொறுக்கலாம்னா திருநெல்வேலில நடக்குத பொருநை புத்தகத் திருவிழா எப்பம்னு விசாரிங்க. 10 சதவீதத் தள்ளுபடியும் உண்டு, பிள்ளைகளே புரட்டிப் பாத்து எடுக்கலாம். (நான் கடைக்காரன், என் கடைக்கும் வாங்கன்னு சொல்லாம விடுவனா?)

களக்காடு வாசகர்: பணம் கட்டும் கடைசித் திரையில் ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று 25 ரூபாய் புதிதாக முளைக்கிறது. சரியா?

சரியில்ல. 2020-ல வந்த மின்வணிக விதிப்படி மொத்த விலையையும், அதுல டெலிவரி எவ்வளவு, ஹேண்ட்லிங் எவ்வளவுன்னு பிரிச்சும் காட்டணும். கடைசியில ஒண்ணு ஒண்ணா ஏத்துதது ஏமாத்து வேலைன்னு 2023-ல மத்திய அரசு வழிகாட்டுதலே போட்டிருக்கு. திரையைப் படம் பிடிச்சு வச்சுக்கிட்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்க.

ஏரல் வாசகி: ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆர்டர் போடலாமா?

போடலாம். 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி ஆத்துல தண்ணி வந்தா மட்டும் நிறுத்தி வைங்க. மத்தபடி ஆர்டர்லயே “உள்ள ஒரு பிளாஸ்டிக் கவர் போடுங்க”ன்னு எழுதிருங்க. வெளி அட்டை நனைஞ்சாலும் புத்தகம் தப்பிக்கும். பகல்ல வீட்டுல ஆள் இல்லன்னா பக்கத்து வீட்டு நம்பரையும் குடுங்க, கேட்டுலயோ திண்ணையிலயோ போட்டுட்டுப் போவச் சொல்லாதீங்க. கட்டு ஈரமா இருந்தா பிரிக்கும்போதே வீடியோ எடுத்து அன்னைக்கே கடைக்கு அனுப்பிருங்க. ஒரு வாரம் கழிச்சு, காய்ஞ்சு சுருங்கின பக்கத்தை மட்டும் படம் பிடிச்சு அனுப்பினா, அது யாரு வீட்டுல நனைஞ்சதுன்னு பஞ்சாயத்து வந்துரும்.