செஸ்னோலா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சைப்ரஸ் தீவில் தொல்பொருள்களைத் தோண்டியெடுத்த லூயிஜி பால்மா தி செஸ்னோலா இத்தாலியரா, அமெரிக்கரா? படைவீரர் எவ்வாறு தூதரானார்?

பதில்: 1832இல் இத்தாலியின் பியட்மான்ட் பகுதியில் பிறந்தவர், பதின்ம வயதிலேயே ஆஸ்திரியாவுக்கு எதிரான போரில் ஈடுபட்டு, 1858இல் நியூயார்க்கில் குடியேறினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 4ஆம் நியூயார்க் குதிரைப்படையின் கர்னலாக இருந்தார். 1863 ஜூன் 17 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் ஆல்டியில் சண்டை மூண்டபோது, மேலதிகாரிகளின் காவலில் வாள் பறிக்கப்பட்ட நிலையில் இருந்தவர், தம் வீரர்கள் தயங்குவதைக் கண்டு வெறுங்கையுடன் குதிரையேறி அவர்களுக்கு முன்னே பாய்ந்தார். தளபதி கில்பாட்ரிக் தம் சொந்த வாளையே அவருக்குக் கொடுத்தார். அதே நாளில் காயமுற்றுப் பிடிபட்டு, எதிர்த்தரப்பின் தலைநகரான ரிச்மண்டின் லிபி சிறையில் அடைபட்டார். போர் முடிந்த 1865இல் சைப்ரஸ் தீவின் லார்னகாவுக்கு அமெரிக்கத் துணைத்தூதராகச் சென்றார்.

கேள்வி: அவர் அங்கே தோண்டியெடுத்த அத்தனை தொல்பொருள்களையும், அப்போது சைப்ரஸை ஆண்ட ஓட்டோமான் அரசு எப்படி வெளியே விட்டது?

பதில்: விட மறுத்தது என்பதே உண்மை. அமெரிக்கத் துணைத்தூதர் எதையும் கப்பலேற்றக் கூடாது என்று ஆணை வந்தபோது, ரஷ்யாவின் துணைத்தூதர் பொறுப்பும் தம்மிடமே இருந்ததால், அந்தப் பெயரில் பெட்டிகளை அனுப்பிவிட்டார். ஆணையின் எழுத்தைக் காப்பாற்றி அதன் நோக்கத்தைக் குலைத்த இச்செயலை என்னால் நியாயப்படுத்த இயலவில்லை. சுமார் 5,000 பொருள்களோடு 1871இல் சென்ற கப்பல் ஒன்று கடலிலேயே அழிந்தது.

கேள்வி: அவர் தோண்டியெடுத்தவற்றுள் அவசியம் காண வேண்டியது எது?

பதில்: சைப்ரஸின் பழைய நகரான அமதூஸின் கல் ஈமப்பேழை. நீண்ட பக்கங்களில் தேர்கள் அணிவகுக்கின்றன. குறுகிய பக்கம் ஒன்றில் குள்ள உருவ எகிப்தியத் தெய்வமான பெஸ் நான்கு முறை வரிசையாக நிற்கிறது. 2,400 ஆண்டுகளுக்குப் பின்னும் சிவப்பும் நீலமும் அதில் ஒட்டியிருக்கின்றன.

கேள்வி: சைப்ரஸின் பழைய நகரான கூரியத்தில் கிடைத்ததாக அவர் சொன்ன புதையல் போலியா?

பதில்: பொருள்கள் உண்மையானவை, அவை கிடைத்ததாகச் சொல்லப்பட்ட கதையே ஐயத்துக்குரியது. ஒரே கோயிலின் நிலவறையில் அனைத்தும் கிடைத்ததாக அவர் எழுதினார்; ஆனால் அவை வெவ்வேறு காலங்களைச் சேர்ந்தவை. எந்தக் கல்லறையில், எந்தப் பானைக்கருகில் ஒரு காதணி கிடந்தது என்ற குறிப்பு இல்லாமல் போனால், பின்னால் எவராலும் அதை மீட்க முடியாது. எனக்கு ஆறாத வருத்தம் இதுதான். உடைந்த சிலைகளைத் தவறாக ஒட்டிச் சேர்த்தார் என்று ஃபாயர்டான் என்ற வணிகர் 1880இல் குற்றஞ்சாட்ட, வழக்கு நியூயார்க் நீதிமன்றம் வரை சென்றது. 1884இல் செஸ்னோலாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநராக, 1904இல் இறக்கும்வரை அவரே நீடித்தார்.