ரெண்டு ஸ்ட்ரைக் விழுந்தாச்சு, அடுத்த பந்து என்ன? – சாஃப்ட்பால் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். கவுன்ட் (பால், ஸ்ட்ரைக் கணக்கு) பிட்சர், அதாவது பந்து வீசறவங்க பக்கம் சாஞ்சிருக்கு, 0-2 இல்ல 1-2, அப்போ எந்தப் பந்தைப் போடறது? அதனால முழுசா அதுக்கே ஒதுக்கிட்டேன். முதல் எண் பால் (அடிக்கற எல்லைக்குள்ள வராம, பேட்டரும் சுத்தாம விட்ட பந்து, நாலு ஆனா பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்குப் போவா, அதுதான் வாக்), ரெண்டாவது எண் ஸ்ட்ரைக் (மூணு ஆனா பேட்டர் அவுட்), புதுசா படிக்கிறவங்களுக்காக சொல்லி வைக்கிறேன். வேற மாதிரி சொல்லாத இடத்துல எல்லாம் ஃபாஸ்ட்பிட்ச், அதாவது பந்தை வேகமா வீசற ஆட்டம் பத்திதான் பேசறேன்.

கே: எனக்கு 15 வயசு, பிட்சர். 0-2 வந்தாலே எங்க கோச் "வெளிய ஒண்ணு வீசிடு"ன்னு சொல்றார். வீசறேன். பேட்டர் அசையறதே இல்ல. அப்புறம் 1-2, 2-2, 3-2, கடைசில வாக். எங்க தப்பு பண்றேன்?

ப: கோச் பயப்படறதுல நியாயம் இருக்கும்மா. 1996 அட்லான்டா ஒலிம்பிக்ஸ்ல அமெரிக்காவோட லிசா ஃபெர்னாண்டஸ் ஆஸ்திரேலியாவுக்கு எதிரா ஒருத்தரைக்கூட அடிச்சு பேஸுக்குப் போக விடாம பத்தாவது இன்னிங்ஸ் வரைக்கும் வந்துட்டாங்க, இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் விழுந்தா ஆட்டம் முடிஞ்சுது. அந்த நேரத்துல ஜோஆன் பிரவுன் ஹோம் ரன் அடிச்சு 2-1ன்னு ஆஸ்திரேலியா ஜெயிச்சிடுச்சு. ரெண்டு ஸ்ட்ரைக் விழுந்துட்டா பேட்டர் பாதி செத்த மாதிரின்னு நினைக்கக் கூடாது, அதுவரைக்கும் கோச் சொல்றது சரி.

ஆனா அதுக்கு மருந்து ரெண்டடி தள்ளி வீசறது இல்ல. ரெண்டு ஸ்ட்ரைக் வாங்கின பேட்டர் மனசுல ஒரு பயம் இருக்கும், கிட்டத்துல வர்ற எதையும் விட முடியாது, விட்டா அம்பயர் கை தூக்கிடுவார்னு. அந்த பயம்தான் நீ சம்பாதிச்ச சொத்து. கையை விட்டு வரும்போதே பால்னு தெரியற பந்தைப் போட்டா பேட்டர் நிம்மதியா நின்னு வேடிக்கை பார்த்துட்டு, உன் வேகத்தையும் இன்னொரு தடவை கணக்கு பண்ணிக்கிட்டு, ஒரு பாலையும் சும்மா வாங்கிட்டுப் போறா. அதுல உனக்குன்னு ஒண்ணும் மிஞ்சல.

கொஞ்சம் கணக்கு பாப்போம். பேட்டர் முன்னாடி தரையில இருக்கற பிளேட்டோட அகலம் 17 இஞ்ச். பந்தோட சுற்றளவு 12 இஞ்ச்னா குறுக்கே கிட்டத்தட்ட 4 இஞ்ச் வரும், பந்தோட ஓரம் பிளேட் மேல உரசிட்டுப் போனாலே ஸ்ட்ரைக்தான். அதனால உன் குறி பிளேட் ஓரத்துக்கும் பந்துக்கும் நடுவுல ஒரு பந்து அகலம் இடைவெளி விட்ட இடம், ரொம்பப் போனா ரெண்டு பந்து. அதுக்கு மேல போனா யாரும் பேட்டை எடுக்க மாட்டாங்க.

அதைவிட முக்கியம் பந்து எங்க முடியுதுங்கறது இல்ல, எங்க ஆரம்பிக்குதுங்கறது. பிட்சிங் தூரம் 43 அடி, நீ காலை நீட்டி முன்னாடி வந்து விடறதால பந்து உண்மையில போறது சுமார் 37 அடி. மணிக்கு 60 மைல் வேகம்னா செகண்டுக்கு 88 அடி, அதாவது பிளேட்டுக்கு வர 0.42 செகண்ட். பேட்டை சுத்தவே ஒரு நேரம் வேணும் இல்லையா, அதனால அடிக்கலாமா வேண்டாமான்னு பந்து பாதி வழி வர்றதுக்குள்ளயே அவ முடிவு பண்ணியாகணும். அந்தப் பாதி வழியில பந்து ஸ்ட்ரைக் மாதிரி தெரியணும், மீதிப் பாதியில ஓடிடணும். கர்வ்னா பிளேட்டோட வெளிப்பாதி மேல ஆரம்பிச்சு வெளிய போகணும், டிராப்னா தொடை உயரத்துல வந்து கணுக்கால் கிட்ட விழணும், ரைஸ்னா இடுப்புல ஆரம்பிச்சு அக்குளுக்கு மேல முடியணும் (அது நிஜமா மேல ஏறல, பின்பக்கச் சுழலால எதிர்பார்த்ததைவிட கம்மியா இறங்குது, கண்ணுக்கு ஏறற மாதிரி இருக்கும், நமக்கு அது போதும்).

தப்பு நடந்தா எந்தப் பக்கம் நடக்கணும்னும் வீசறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிக்கோ. டிராப் தப்பினா இன்னும் கீழ தப்பணும், ரைஸ் தப்பினா இன்னும் மேல தப்பணும். இறங்காத டிராப்பும் ஏறாத ரைஸும் தொடைக்கும் இடுப்புக்கும் நேரா வந்து நிக்கற பந்து, 0-2ல வாங்கற பெரிய அடியெல்லாம் பெரும்பாலும் இதுலதான் வருது.

இன்னொண்ணு, ரெண்டு ஸ்விங்லயும் பந்தைத் தொடவே முடியாத பேட்டருக்கு தந்திரமே வேண்டாம், உன் நல்ல பந்தை ஓரத்துல ஸ்ட்ரைக்காவே போட்டு மூணே பந்துல அனுப்பிடு. கைக்கும் ஒரு அளவு இருக்கும்மா. 2008 பெய்ஜிங்ல ஜப்பானோட யுகிகோ உவேனோ ரெண்டு நாள்ல 413 பந்து வீசி தங்கம் வாங்கிக் கொடுத்தாங்க, அது எல்லாராலயும் முடியற காரியம் இல்ல. ஒரு ஆட்டத்துல பத்து பேருக்கு ஆளுக்கு ஒண்ணுன்னு வீணா வீசினா, கிட்டத்தட்ட ஒரு இன்னிங்ஸுக்கான பந்து அப்படியே போயிடுது.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்றேன். பிளேட் ஓரத்தை ஒட்டி தரையில ஒரு பந்தை வை, அதுக்கு அந்தப் பக்கம் கேட்சரோட கிளவ் இருக்கட்டும், பத்து பந்து வீசி எத்தனை கிளவுக்குப் போகுதுன்னு எண்ணு. ஆறு கூட போகலைன்னா ஆட்டத்துல அந்தப் பந்தை இப்போதைக்கு விட்டுடு, ஓரத்துல ஸ்ட்ரைக் போடு, அது ஒண்ணும் தோல்வி இல்ல. இதை கோச்சுக்கும் காமி, "வெளிய வீசு"ங்கறதுக்கு பதிலா "ஒரு பந்து வெளிய"ன்னு சொல்லச் சொல்லு.

கே: 0-2ல சேஞ்ச் அப் (வேகமா வீசற மாதிரியே கையைச் சுத்தி மெதுவா விடற பந்து) போட்டா நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க பொண்ணு போட்டா, கடைசி இடத்துல இறங்கற பேட்டர் தூக்கி அடிச்சிட்டா. அந்தப் பந்தே வேண்டாமா?

ப: பந்து மேல தப்பு இல்லீங்க, ஆள்தான் தப்பு. மணிக்கு 60 மைல்ல வர்ற பந்து 0.42 செகண்ட்ல வருதுன்னா 48 மைல் சேஞ்ச் அப்புக்கு 0.53 செகண்ட் ஆகும், ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு வித்தியாசம், வேகமான கைக்காரங்களுக்கு பேட் முழுசா முன்னாடி போயிடும். ஆனா உங்க பொண்ணோட வேகத்துக்கே ஈடு கொடுக்க முடியாம லேட்டா சுத்தறவங்களுக்கு அந்த பத்துல ஒரு பங்குதான் இத்தனை நேரம் குறைவா இருந்தது, அதை நாமளே கொண்டு போய் கையில கொடுத்துட்டோம்.

இதை எப்படி கண்டுபிடிக்கறதுன்னா, ஃபவுல் (பேட்டுல பட்டு கோட்டுக்கு வெளிய போற பந்து) எந்தப் பக்கம் போச்சுன்னு பாருங்க, என்னைக் கேட்டா அதைவிட நேர்மையான சாட்சி கிரவுண்டுல கிடையாது. வலது கை பேட்டர் அடிச்ச ஃபவுல் மூணாவது பேஸ் பக்கம் பலமா போனா அவ சீக்கிரம் வந்துட்டா, அவளுக்கு சேஞ்ச் அப் தாராளமா போடலாம். முதல் பேஸ் பக்கம் போனா லேட், வேகத்தைக் குறைக்கவே குறைக்காதீங்க. நேரா பின்னாடி வலையில போய் அடிச்சா ஜாக்கிரதை, டைமிங் சரியா பிடிச்சிட்டா, பேட் கொஞ்சம் கீழ போனதால தப்பிச்சோம், அதே பந்தை அதே இடத்துல மறுபடி போடக் கூடாது. இடது கைக்கு பக்கத்தை மாத்திக்கோங்க. சேஞ்ச் அப் போடறதா இருந்தாலும் முட்டிக்குக் கீழ போகட்டும், மண்ணுல விழுந்தாலும் பரவாயில்ல, இடுப்புல மட்டும் வேண்டாம்.

கே: நான் கேட்சர். ரெண்டு ஸ்ட்ரைக்ல டிராப் கேக்கணும்னு எனக்கே தெரியுது, ஆனா மூணாவது பேஸ்ல ரன்னர் இருந்தா பந்து தப்பிடுமோன்னு பயந்து மேல கேட்டுடறேன்.

ப: நீங்க இதை ஒத்துக்கிட்டதே எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு, ஏன்னா பிட்ச் தேர்வுல பாதி கேட்சரோட முட்டியிலதான் இருக்கு. மண்ணுல விழற பந்தை நீங்க மறிப்பீங்கன்னு பிட்சருக்கு நம்பிக்கை இல்லைன்னா அவ கை தானாவே பந்தை கொஞ்சம் மேல விடும், அது பேட்டருக்கு வசதியான உயரம். மறிக்கும்போது பந்தைப் பிடிக்கப் போகாதீங்க. முட்டி போட்டு, கிளவை காலுக்கு நடுவுல தரையில வச்சு, நெஞ்சைக் குனிச்சு, தோளை உள்பக்கம் வளைச்சு பந்து உங்க முன்னாடியே செத்து விழற மாதிரி பண்ணுங்க.

ரூலையும் மனசுல வச்சுக்கோங்க. மூணாவது ஸ்ட்ரைக்கைப் பிடிக்காம விட்டா, முதல் பேஸ் காலியா இருந்தாலோ இல்ல ரெண்டு அவுட் ஆகியிருந்தாலோ பேட்டர் ஓடலாம். ரெண்டு அவுட்டுக்குக் கம்மியா இருந்து முதல் பேஸ்ல ஆள் இருந்தா பேட்டர் அவுட்தான், ஓட முடியாது, அப்போ டிராப் கேக்க தைரியம் வரணும். மூணாவதுல ரன்னர் இருந்து ஒரு ரன்தான் வித்தியாசம்னா கர்வையோ ரைஸையோ கேக்கறது புத்திசாலித்தனம், அதுல வெக்கப்பட எதுவும் இல்ல, ஆனா ஒவ்வொரு தடவையும் அப்படியே கேட்டா எதிர் டீம் ரெண்டு இன்னிங்ஸ்ல கண்டுபிடிச்சிடும்.

கே: என் பொண்ணுக்கு 9 வயசு, இப்பதான் வீச ஆரம்பிச்சிருக்கா. 0-2ல என்ன போடச் சொல்லணும்?

ப: ஸ்ட்ரைக். 35 அடில இருந்து 11 இஞ்ச் பந்தை பிளேட் மேல கொண்டு வர்றதே அந்த வயசுல பெரிய வேலை. ஓரம், சுழல் எல்லாம் வேணும்னு சொல்லி குழந்தையைக் குழப்பாதீங்க, ப்ளீஸ்.

கே: நாங்க ஸ்லோபிட்ச் (பந்தை மேல வளைச்சு மெதுவா போடற ஆட்டம்) ஆடறோம், எங்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?

ப: கொஞ்சம்தான். பல லீக்ல ரெண்டு ஸ்ட்ரைக்குக்கு அப்புறம் ஃபவுல் அடிச்சாலே அவுட், அதனால பேட்டர் ரொம்ப பாதுகாப்பா ஆடுவார். முன்னாடி இருக்கும்போது பந்தை பிளேட்டோட பின்னோரத்துல ஆழமா விழ வைங்க, நடுவுல மட்டும் விழ விடாதீங்க.

கே: 1-2ல ஒரு பேட்டர் ஆறு பந்தை வரிசையா ஃபவுல் அடிச்சா. என்கிட்ட இருந்த எல்லாத்தையும் போட்டுட்டேன், கடைசில கோபத்துல நடுவுல வேகமா வீசி அடி வாங்கினேன்.

ப: அந்த கோபம் எனக்கு நல்லா தெரியும். நானும் இதே மாதிரி ஆறாவது ஏழாவது ஃபவுலுக்கு அப்புறம் "இந்தா வாங்கிக்கோ"ன்னு வீசி ரெண்டு ரன் கொடுத்திருக்கேன். அன்னைக்கு ராத்திரி முழுக்க ஒவ்வொரு பந்தா யோசிச்சப்பதான் புரிஞ்சுது, நான் பந்தை மாத்தி மாத்தி போட்டேனே தவிர உயரத்தை மாத்தவே இல்ல, எல்லாமே முட்டிக்கும் இடுப்புக்கும் நடுவுலயே வந்திருக்கு. கர்வும், அதுக்கு எதிர்ப்பக்கம் வளையற ஸ்க்ரூவும் பக்கவாட்டுல ஓடுது, பேட்டும் பக்கவாட்டுலதான் சுத்துது, அதனால எப்படியாவது பட்டுடும். அப்படி விடாம தொடற ஆளுக்கு மேல கீழதான் மாத்தணும். கீழ ரெண்டு டிராப் காட்டிட்டு அதே இடத்துல ஆரம்பிக்கற மாதிரி ரைஸ் போடுங்க.

அந்தப் பேட்டர் பாக்ஸ்ல எங்க நிக்கறான்னும் பாருங்க. டிராப் இறங்கறதுக்கு முன்னாடியே அடிக்கணும்னு முன்னால வந்து நின்னா உங்க வேகத்துக்கு நேரம் குறைஞ்சு போச்சு, உள்பக்கம் கைக்குக் கிட்ட வேகமா போடுங்க. பின்னாடி தள்ளி நின்னா டிராப் முழுசா விழ இடம் இருக்கு, அதையே போடுங்க. பேட்டை மேல ஏத்திப் பிடிச்சிருந்தா வெளி ஓரம் எட்டாது. வேகத்துக்குப் பேர் போன ஸ்லாப்பரா (ஓடிக்கிட்டே பந்தைத் தட்டிவிடற பேட்டர்) இருந்து பன்ட் பண்ண, அதாவது சுத்தாம பேட்டை வச்சு பந்தை மெதுவா தட்டிப் போடப் பாத்தா, ரெண்டு ஸ்ட்ரைக்ல பன்ட் ஃபவுல் ஆனா அவுட், ஆனா ஸ்விங் பண்ணி ஸ்லாப் அடிச்ச ஃபவுல் வெறும் ஃபவுல்தான், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

அப்புறம், நாலாவது ஃபவுல் ஆனதும் கேட்சரைக் கூப்பிடுங்க. வட்டத்துக்கு வெளிய வந்து பந்தைக் கையில உருட்டிக்கிட்டே ஒரு மூச்சு விடுங்க, ரெண்டு பேரும் சேர்ந்து இதுவரைக்கும் அவ பாக்காத இடம் எதுன்னு பேசி முடிவு பண்ணிட்டு திரும்பிப் போய் அதை வீசுங்க.