பிரிக்க வேண்டியது ஒரே ஒரு தையல்

கேள்வி: பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு ஒரு குவில்ட், அதாவது துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை, தைக்கிறேன். பழைய கைத்தறிச் சேலைகளை 3½ இன்ச் சதுரங்களாக வெட்டி, ஒன்பது ஒன்பதாகச் சேர்த்து, மொத்தம் 30 பிளாக். 20 முடித்துவிட்டேன். ஒவ்வொன்றும் 9½ இன்ச் வர வேண்டுமாம். அளந்து பார்த்தால் 13 பிளாக் 9¼ தான் இருக்கிறது. நான்கு பிளாக் 9 இன்ச் 3 நூல். இரண்டு மட்டும் சரியாக 9½. மீதி ஒன்று அகலத்தில் 9¼, உயரத்தில் 9. எல்லாவற்றையும் பிரித்துத் தைக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு பிளாக்கை இரண்டு முறை பிரித்ததிலேயே துணி இழுபட்டு, ஒரு சதுரத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. அதற்கப்புறம் மிஷினைத் தொடவே மனம் வரவில்லை. மற்றவற்றையும் பிரிக்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீங்கள் எழுதிய அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 பிளாக்கில் பிரிக்க வேண்டியது ஒரே ஒரு தையல். ஓட்டை விழுந்த பிளாக்கில் ஒரு சதுரத்தை மாற்ற வேண்டும். அவ்வளவுதான். மிஷின் உறையை எடுத்துவிடுங்கள்.

முதலில் எங்கே தப்பியது என்று பார்ப்போம். நூல் என்பது இங்கே அளவு, ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். குவில்ட்டில் தையலுக்கு விடும் ஓரம் கால் இன்ச், அதாவது இரண்டு நூல். மூன்று சதுரம் சேர்ந்தால் நடுவில் இரண்டு தையல் வரும். உங்கள் பிளாக் 9½-க்குப் பதில் 9¼ என்றால் இரண்டு நூல் குறைகிறது. ஒரு தையலுக்கு ஒரு நூல். தையலின் இரு பக்கமும் துணி உள்ளே போவதால், பக்கத்துக்கு அரை நூல். ஆக, இரண்டு நூல் விட வேண்டிய இடத்தில் இரண்டரை நூல் விட்டிருக்கிறீர்கள். அரை நூல் என்பது ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். அதை யாரும் கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது. இது உங்கள் கைக்குறை இல்லை. சாதாரண வீட்டு மிஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட் பெரும்பாலும் ஊசியிலிருந்து கால் இன்ச்சைவிட அகலமாக இருக்கும். ஃபுட்டின் விளிம்பை நம்பித் தைத்தால் இப்படித்தான் வரும்.

ஒரு தவறு அடுத்த தையலுக்கு நகர்கிறதா, இருந்த இடத்திலேயே நிற்கிறதா? பிரிப்பதற்கு முன் நான் கேட்டுக்கொள்வது இந்த ஒரு கேள்விதான். ஒரு சதுரத்தின் முனை பக்கத்துச் சதுரத்தின் முனையோடு அரை நூல் ஒட்டாமல் போனால், அது அங்கேயே நிற்கும். போர்வையை ஒரு தடவை துவைத்ததும் துணி லேசாகச் சுருங்கி அதை மூடிவிடும். ஆனால் ஒரு பிளாக் 9, பக்கத்துப் பிளாக் 9½ என்றால் கதை வேறு. அந்த அரை இன்ச்சை இழுத்துப் பிடித்து ஒட்டுவீர்கள், அடுத்த வரிசை கோணும், கடைசியில் போர்வை தரையில் படியாமல் நடுவில் உப்பிக்கொண்டு நிற்கும். நகரும் தவறைப் பிரிக்க வேண்டும். நிற்கும் தவறை விட்டுவிடலாம்.

உங்கள் பிளாக்குகள் சிறியதாக இருப்பது பிரச்சினையே இல்லை. ஒன்றுக்கொன்று வேறாக இருப்பதுதான் பிரச்சினை. அதனால் எல்லாவற்றையும் 9¼-க்குக் கொண்டுவாருங்கள். 9½ இருக்கும் இரண்டு பிளாக்கிலும் நான்கு பக்கமும் ஒவ்வொரு நூல் வெட்டுங்கள். 9 இன்ச் 3 நூல் இருக்கும் நான்கிலும் பக்கத்துக்கு அரை நூல். ஒரே பக்கத்தில் மொத்தமாக வெட்டிவிடாதீர்கள், நடுச் சதுரம் நடுவில் இருக்காது. 5 பிளாக் அகலம், 6 பிளாக் உயரம் என்று வைத்தால், 45-க்கு 54 வர வேண்டிய போர்வை 43¾-க்கு 52½ வரும். ஒரு வயதுக் குழந்தைக்கு அது போதும். அந்தக் குறை மனதை உறுத்தினால் சுற்றிலும் ஒரு இன்ச் அகலத்தில் கரைத் துணி வைத்துத் தைத்துவிடுங்கள்.

இனி அந்த 9 இன்ச் உயரப் பிளாக். முதலில் மூன்று மூன்றாகச் சேர்த்து வரிசையாக்கி, பிறகு வரிசைகளை இரண்டு நீளத் தையலில் இணைத்திருப்பீர்கள். உயரத்தைத் தீர்மானிப்பது அந்த இரண்டு நீளத் தையல்கள் மட்டுமே. அவற்றில் மும்மூன்று நூல் விட்டிருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் பிரித்து இரண்டு நூல் விட்டுத் தைத்தால் உயரம் 9¼ ஆகிவிடும். குட்டித் தையல்களைத் தொடவே வேண்டாம்.

பிரிக்கும் முறையில்தான் உங்கள் துணி பாழானது என்று நினைக்கிறேன். இரண்டு துணியையும் விரித்து இழுத்துக்கொண்டு, நடுவில் தெரியும் இழையை பிளேடாலோ, தையல் பிரிக்கும் சிறு கருவியான சீம் ரிப்பராலோ சரசரவென்று அறுத்திருப்பீர்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். அம்மாவின் சுங்குடிச் சேலையில் வெட்டிய ஒரு துண்டு அதில் போயிற்று; அதேபோல் இன்னொரு துண்டு கிடைக்கவில்லை. இன்றுவரை அது எனக்கு வருத்தம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

துணியை மேசைமேல் தட்டையாக வையுங்கள். கையில் தூக்கிப் பிடிக்க வேண்டாம். ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு தையலுக்கு ஒன்றாக சீம் ரிப்பரின் கூர்முனையைக் கொடுத்து, மேல் இழையை மட்டும் அறுத்துக்கொண்டே போங்கள். முழு நீளமும் அறுத்தபின் துணியைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்து இழையின் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தால் முழு இழையும் ஒரே ஓட்டமாக வந்துவிடும். எங்காவது தடுத்தால் பலம் கொடுக்காதீர்கள், அங்கே ஒரு தையல் அறுபடாமல் இருக்கும். துணியில் ஒட்டியிருக்கும் துண்டு இழைகளை மாஸ்கிங் டேப்பால் ஒற்றி எடுங்கள். ரிப்பர் மழுங்கிவிட்டால் புதிது வாங்குங்கள். மழுங்கிய ரிப்பர் இழையை அறுக்காமல் துணியை இழுக்கும். இதை ராத்திரியில், கண் சோர்ந்திருக்கும்போது செய்யவே வேண்டாம்.

ஊசித் துளைகள் தெரிந்தால் பயப்படாதீர்கள். தண்ணீர் தெளித்து, நகத்தால் குறுக்கும் நெடுக்கும் லேசாக நீவி, இஸ்திரி போட்டால் பருத்தியில் துளை அநேகமாக மூடிக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து ஓட்டாமல், வைத்து எடுத்து வைத்து எடுத்துச் செய்யுங்கள். ஓட்டினால் துணி மறுபடியும் நீளும். பட்டில் இந்தத் துளைகள் போகாது. பட்டுத் துண்டு சேர்ப்பதாக இருந்தால் ஊசி போடுவதற்கு முன்பே இரண்டு முறை அளந்துகொள்ளுங்கள்.

கைத்தறியில் இன்னொரு தொல்லை, பிரித்த ஓரம் பிசிறு விடும். இரண்டு நூல் ஓரத்தில் ஒரு நூல் பிசிறாகப் போய்விட்டால் மறுபடி தைப்பது வீண். அடிக்கடி துவைக்கப்போகும் குழந்தைப் போர்வையில் அந்தத் தையல் சீக்கிரமே விட்டுவிடும். அதனால் ஒரே ஓரத்தை இரண்டு முறைக்கு மேல் நான் பிரிப்பதில்லை. மூன்றாவது முறை வந்தால் அந்தச் சதுரத்தையே மாற்றிவிடுவேன். உங்கள் ஓட்டைச் சதுரத்துக்கும் அதேதான். வெட்டாமல் மீதமிருக்கும் துணியில் கஞ்சி போட்டு, காய்ந்து விறைத்ததும் இஸ்திரி போட்டு, பிறகு சதுரம் வெட்டுங்கள். மெல்லிய ஜவ்வரிசிக் கஞ்சி போதும். கஞ்சித் துணியை அலமாரியில் மாதக்கணக்கில் வைத்தால் பூச்சி வரும், அதனால் போர்வை முடிந்ததும் அலசிவிடுங்கள்.

மீதி 10 பிளாக்குக்குப் போகும் முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று நாடாத் துண்டுகள் வெட்டிப் பக்கம் பக்கமாகத் தைத்து இஸ்திரி போடுங்கள். நடு நாடா சரியாக ஒரு இன்ச் இருக்க வேண்டும். குறைந்தால் ஓரம் அதிகமாகப் போகிறது. ஊசியிலிருந்து கால் இன்ச்சை அளந்து, மிஷின் தகட்டில் நான்கைந்து அடுக்கு டேப்பைச் சிறு மேடாக ஒட்டி, துணியை அதில் உரசியபடி ஓட்டுங்கள். நடு நாடா ஒரு இன்ச் வரும்வரை டேப்பை நகர்த்துங்கள். தையல் நீளம் இன்ச்சுக்கு 10 முதல் 12 இருக்கட்டும். அதைவிடப் பொடியாக இருந்தால் பிரிக்கும்போது துணிதான் கிழியும். புதிய பிளாக்குகள் 9½ வரும், அவற்றையும் நூல் நூலாக வெட்டி 9¼ ஆக்கிவிடுங்கள்.

மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போது அடியில் எங்காவது சுருக்கு விழும். எல்லோருக்கும் விழும். முழு வரியையும் பிரிக்காதீர்கள். சுருக்கின் இருபுறமும் இரண்டு இன்ச் மட்டும், அடிப்பக்கத்திலிருந்து அறுத்துப் பிரித்து, துணியைப் பரப்பிவிட்டுத் தையுங்கள். இழை நுனிகளை முடிச்சுப் போட்டு, கை ஊசியால் பஞ்சுக்குள் இழுத்துவிடுங்கள். அந்தக் கட்டத்தில் ஒரு சதுரம் கறையாகவோ கிழிந்தோ தெரிந்தால் பிரிக்க நினைக்கவே வேண்டாம். அதே அளவில் துணி வெட்டி, ஓரம் மடித்து, மேலே வைத்துக் கைத்தையல் போட்டுவிடலாம்.

அமெரிக்காவின் அமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்துப் பெண்கள் கடவுளுக்கு முன் பணிவு காட்ட, வேண்டுமென்றே ஒரு தவறு வைத்துத் தைப்பார்கள் என்று யாராவது உங்களைத் தேற்றக்கூடும். குவில்ட் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் அதற்கு ஆதாரமில்லை என்கிறார்கள். அந்தச் சமாதானம் உங்களுக்குத் தேவையும் இல்லை. டேப்பை எடுத்து அளந்து, தப்பு எங்கே என்று நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

ஓட்டை விழுந்த சதுரத்தை எறியாதீர்கள். கிழியாத பக்கத்தில் ஒரு சின்னச் செவ்வகம் தேறும். அதில் பேத்தியின் பெயரையும் தேதியையும் நூலால் தைத்து, போர்வையின் பின்பக்க மூலையில் வைத்துவிடுங்கள்.