பழைய டீசல் காருக்குக் குளிர்கால டயர்: எதை வாங்குவது, எதற்குத் தலையாட்டக் கூடாது

கேள்வி: ஜேர்மனியின் லூடன்ஷைட் நகரில் வசிக்கிறேன். என்னுடையது 2007ஆம் ஆண்டில் பதிவான கோல்ஃப் வேரியன்ட், 1.9 லீற்றர் டீசல், 105 குதிரைத்திறன். 240,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. அதிகாலை நான்கு மணிக்கு ஹாகனுக்கு வேலைக்குப் புறப்பட வேண்டும். இருந்த குளிர்கால டயர்கள் தேய்ந்துவிட்டன. கடைக்காரர் ஒருவர், டீசல் வண்டிக்கு அகலமான உயர்தர டயரும் காற்றழுத்த உணரிகளும் கட்டாயம் வேண்டும் என்று 900 யூரோ கேட்கிறார். தெரிந்தவர் ஒருவர், பாவித்த நான்கு டயர்களை ரிம்முடன் 180 யூரோவுக்குத் தருவதாகவும், இன்னும் ஏழு மில்லிமீற்றர் ஆழம் இருப்பதாகவும் சொல்கிறார். நண்பரோ வருடம் முழுவதும் பாவிக்கும் நான்கு பருவ டயர் போதும் என்கிறார். முன் சில்லுகள் இரண்டுக்கும் மட்டும் போட்டால் போதாதா? எதைச் செய்வது?

பதில்: நான்கு சில்லுகளுக்கும் புதிய குளிர்கால டயர் வாங்குங்கள். அளவு 195/65 ஆர் 15 (அகலம் 195 மில்லிமீற்றர், ரிம் 15 அங்குலம்), சுமைக் குறியீடு 91, வேகக் குறியீடு டி (T). விலையில் நடுத்தரமான, பெயர் தெரிந்த தயாரிப்பு போதும். இரும்பு ரிம்மில் நிரந்தரமாகப் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். உணரி வேண்டாம். ஆக, 900 யூரோவுக்கும் சம்மதிக்க வேண்டாம், 180 யூரோவுக்கும் சம்மதிக்க வேண்டாம்.

டீசல் காருக்கென்று தனியாக ஒரு டயர் கிடையாது. டீசல் இயந்திரம் கனமானது, அந்தக் கனம் முன் அச்சின் மேல் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அதைக் கணக்கிடக் கடைக்காரரின் அனுபவம் தேவையில்லை, உங்கள் வாகனப் பதிவுப் பத்திரமே போதும். அதில் 8.1 என்ற கட்டத்தில் முன் அச்சு தாங்கக்கூடிய உச்ச எடை எழுதப்பட்டிருக்கும். 91 என்ற சுமைக் குறியீட்டின் பொருள் ஒரு டயர் 615 கிலோவைத் தாங்கும் என்பது. இரண்டும் சேர்ந்தால் 1,230 கிலோ. உங்கள் வண்டியின் முன் அச்சு எடை அதற்கு நன்றாகக் கீழேதான் இருக்கும். அதேபோல, 'டி' என்ற கட்டத்தில் வண்டியின் உச்ச வேகம் இருக்கும். டி குறியீட்டு டயர் மணிக்கு 190 கிலோமீற்றர் வரை செல்லும் என்பதால் இந்த வண்டிக்கு அதற்கு மேல் காசு கொடுப்பது வீண். டீசலின் இன்னொரு இயல்பு, நிமிடத்துக்கு 1,900 சுற்று என்ற குறைந்த வேகத்திலேயே 250 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையைத் தந்துவிடுவது. அதனால் பனியில் முதல் கியரில் கிளட்சை விட்டவுடன் முன் சில்லுகள் நின்ற இடத்திலேயே சுழலும். அதற்கான மருந்து அகலமான டயரன்று, இரண்டாம் கியரில் மெதுவாகப் புறப்படுவது.

அளவைப் பற்றி ஒரு குறுக்குப் பேச்சு. 2005 ஒக்டோபரில் புதிய பதிவுப் பத்திரம் வந்தபோது, முன்பு அனுமதிக்கப்பட்ட டயர் அளவுகள் பலவற்றையும் வரிசையாகக் காட்டிய இடத்தில் ஒரே ஓர் அளவை மட்டும் அச்சிடத் தொடங்கினார்கள். மற்ற அளவுகள் தயாரிப்பாளர் வழங்கும் ஒத்திசைவுச் சான்றிதழில் இருக்கின்றன. மூன்று கை மாறி வந்த பழைய காரில் அந்தச் சான்றிதழ் எங்கே இருக்கும் என்று எந்த அதிகாரியும் யோசித்ததாகத் தெரியவில்லை. உங்கள் பத்திரத்தின் 15.1, 15.2 கட்டங்களில் 205/55 ஆர் 16 என்று இருந்தால், அதைக் காட்டி, 'உங்களுக்கு இது மட்டும்தான் அனுமதி' என்று கடைக்காரர் சொல்வார். நம்ப வேண்டாம். வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்து, அந்நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட கராஜில் அனுமதிக்கப்பட்ட அளவுகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். 15 அங்குல டயர் விலை குறைவு. மேலும் அதன் பக்கச் சுவர் உயரமானது என்பதால் பனிக்குள் மறைந்திருக்கும் குழியில் விழும்போது ரிம் தப்பும்.

இனிச் சட்டம். டயரின் பக்கச் சுவரில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். சேறும் பனியும் என்பதன் சுருக்கமான 'எம்+எஸ்' (M+S) என்று மட்டும் எழுதியிருந்தால் 2024 செப்டெம்பர் 30உடன் அதன் காலம் முடிந்துவிட்டது. பனி, பனிச்சேறு, உறைபனி உள்ள வீதியில் அதை வைத்து ஓட்டினால் 60 யூரோ தண்டமும் ஓட்டுநர் பதிவில் ஒரு தண்டப் புள்ளியும் கிடைக்கும், போக்குவரத்தை மறித்தால் 80, விபத்தானால் 120. வாகன உரிமையாளர் வேறொருவராக இருந்து அவர் அதை அனுமதித்திருந்தால் அவருக்குத் தனியாக 75 யூரோவும் ஒரு புள்ளியும் உண்டு. மனைவி பெயரில் பதிவாகியுள்ள வண்டியை ஓட்டுவோர் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. இந்தச் சட்டம் எந்தத் தேதியையும் சொல்வதில்லை, வீதியின் நிலையை மட்டுமே சொல்கிறது. 'ஒக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை' என்பது மக்கள் வைத்துக்கொண்ட கணக்கு. ஹாகனில் மழையாக விழுவது முந்நூறு மீற்றர் மேலேயுள்ள லூடன்ஷைட்டில் பனியாக விழும். ஒரே பயணத்தில் சட்டப்படி சரியாகவும் தவறாகவும் இருக்கக்கூடிய நிலையை உண்டாக்கிவிட்டு, அதைத் தீர்மானிக்கும் பொறுப்பை அதிகாலை நான்கு மணிக்குத் தூக்கக் கண்ணோடு இருப்பவரிடம் விட்டிருக்கிறார்கள்.

தேய்மான அளவிலும் இதே கதைதான். ஜேர்மன் சட்டம் 1.6 மில்லிமீற்றர் ஆழம் போதும் என்கிறது. அந்த ஆழத்தில் ஒரு குளிர்கால டயர் பனியில் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுமில்லை. பக்கத்து ஒஸ்திரியாவில் நான்கு மில்லிமீற்றருக்குக் கீழே போன டயரைக் குளிர்கால டயர் என்றே கணக்கெடுப்பதில்லை. இங்கே உள்ள ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கமும் நான்கையே பரிந்துரைக்கிறது. அளக்கக் கருவி தேவையில்லை. இரண்டு யூரோ நாணயத்தைப் பள்ளத்துக்குள் நிறுத்துங்கள்; வெள்ளி நிற விளிம்பு முழுவதும் மறையவில்லையென்றால் அந்த டயரின் குளிர்கால வாழ்வு முடிந்தது.

இப்போது அந்த 180 யூரோ டயர்களுக்கு வருகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் மிக அதிகமாகப் பணத்தைத் தொலைப்பது இங்கேதான். ஏழு மில்லிமீற்றர் என்பது கேட்க நன்றாக இருக்கும்; புதிய டயரே எட்டு மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். ஆனால் ஆழத்தைச் சொல்கிறவர் வயதைச் சொல்வதில்லை. டயரின் வயது பக்கச் சுவரில், டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கமாக இருக்கும். 3513 என்றால் 2013ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். இந்த நான்கு இலக்கம் பல டயர்களில் ஒரு பக்கச் சுவரில் மட்டுமே முழுமையாக இருக்கும். மறுபக்கத்தில் எழுத்துகள் இருக்கும், தேதி இருக்காது. விவரம் தெரிந்த விற்பனையாளர் தேதியுள்ள பக்கம் உள்ளே போகும்படி பூட்டி வைத்துவிட்டு, 'தேதி அழிந்துவிட்டது' என்பார். அழியாது. சில்லைத் திருப்பிப் போட்டு, கைபேசி விளக்கைப் பிடித்து, பிரேக் தூசியைத் துணியால் துடைத்துப் பாருங்கள். திருப்பிக் காட்ட மறுத்தால் அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள்.

குளிர்கால டயரின் இரப்பர், குளிரில் இறுகாமல் நெகிழ்ந்து நிற்கும்படி கலக்கப்படுவது. அதன் மேற்பரப்பில் கத்தியால் கீறியது போல் காணப்படும் மெல்லிய வெட்டுகள் பனியைக் கவ்வுவதற்கு அந்த நெகிழ்ச்சி வேண்டும். எட்டு வருடத்துக்குப் பின் அது ஓடினாலும் ஓடாவிட்டாலும் இறுகிப்போகும். கராஜின் பின்புறத்தில் வெயில்பட்டுக் கிடந்திருந்தால் அதற்கு முன்பே. பள்ளங்களின் அடியில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தாலோ, கட்டைவிரல் நகத்தை அழுத்தியும் பதியாமல் இருந்தாலோ, ஆழம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. பாவித்த டயரில் முன்பு குத்திய ஆணியையும், பாதையோரக் கல்லில் மோதி உள்ளே அறுந்த நூல்களையும் வெளியிலிருந்து எவராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே பாவித்த டயரே வேண்டாம். விதிவிலக்குச் சொல்லப் போவதில்லை.

ரிம்மையும் பார்க்க வேண்டும். 'இதுவும் கோல்ஃப் ரிம்தானே' என்று தருவார்கள். நான்காம் தலைமுறைக் கோல்ஃபின் ஐந்து துளைகள் 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் இருக்கும். உங்களுடைய ஐந்தாம் தலைமுறையில் அது 112 மில்லிமீற்றர். பூட்டவே முடியாது. வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் இது தெரியவரும், அப்போது தெரிந்தவர் தொலைபேசியை எடுக்க மாட்டார். நம்ம ஆள், கோயிலில் பார்த்துக் கதைக்கிறவர் என்பதற்காகப் பற்றுச்சீட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறோம். பற்றுச்சீட்டு இல்லாத பொருளைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

கடைக்காரரின் உணரிகள் இன்னொரு வகை. காற்றழுத்தக் கண்காணிப்பு 2014 நவம்பர் 1 முதல் புதிதாகப் பதிவாகும் கார்களுக்குத்தான் கட்டாயம். 2007ஆம் ஆண்டுக் கார் அந்த விதிக்குள் வராது. உங்கள் வகை வண்டி சிலவற்றில் காற்றுக் குறைந்தால் எரியும் விளக்கு உண்டு. அது ஏபிஎஸ் மூலம் சில்லுகளின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டு அறிவது, சில்லுக்குள் எதுவும் பூட்டத் தேவையில்லை, டயர் மாற்றியபின் பொத்தானை அழுத்தி மீளப் பதிவுசெய்தால் போதும். நான்கு உணரிகளை வாங்கிப் பூட்டினாலும் உங்கள் வண்டி அவற்றோடு பேசாது. இதே கடைகளில் 'டீசல் உறையாமல் இருக்க' என்று ஒரு போத்தலையும் சேர்த்து விற்பார்கள். நவம்பர் நடுப்பகுதியிலிருந்து பெப்ரவரி முடிவு வரை எரிபொருள் நிலையங்களில் கிடைப்பதே குளிர்கால டீசல்தான். 'குளிர்கால டயர் இல்லாவிட்டால் காப்புறுதி ஒரு சதமும் தராது' என்ற பயமுறுத்தலும் அப்படியே: கட்டாயக் காப்புறுதி எதிர்த்தரப்பின் சேதத்தைக் கொடுக்கும், சிக்கல் வருவது உங்கள் சொந்த வண்டியின் சேதத்துக்கான காஸ்கோ என்ற காப்புறுதியில்தான்.

முன் சில்லுகளுக்கு மட்டும் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. முன்புறம் பிடித்து நிற்க, பின்புறம் வழுக்கினால், வளைவில் பிரேக்கைத் தொட்டவுடன் வண்டி பின்பக்கமாகச் சுழலும். பின்பக்கம் நீண்ட உங்கள் வேரியன்டில் சாமானும் ஏற்றியிருந்தால் இன்னும் மோசம். நான்கும் வேண்டும், அவற்றுள் தேய்மானம் குறைந்த இரண்டும் எப்போதும் பின்னுக்குத்தான் போக வேண்டும்.

நான்கு பருவ டயரை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. மலைச்சின்னம் இருந்தால் சட்டப்படி அதுவும் குளிர்கால டயர்தான். கொலோன், டூசல்டோர்ஃப் போன்ற தாழ்நிலத்தில் இருந்து, வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீற்றருக்குள் ஓடி, பனி கொட்டும் நாளில் வண்டியை விட்டுவிட்டு ரயிலில் போகக் கூடியவருக்கு நான் அதையே சொல்வேன். அவருடைய கோடைகால டயரும் தேய்ந்திருந்தால், அதுவும் இரண்டு வருடத்தில் விற்கப்போகும் வண்டியாக இருந்தால், இரண்டு தொகுதி வாங்குவது மடத்தனம். ஆனால் இந்த நிபந்தனைகள் எல்லாம் ஒருங்கே இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கணக்கு மாறும். தாழ்நிலத்தில் இருந்தும் வருடத்துக்கு முப்பதாயிரம் ஓடுகிறவர் அவற்றைக் கோடையில் விரைவாகத் தேய்த்துவிட்டு, பனி வரும்போது தேய்ந்த டயரோடு நிற்பார். குறைவாக ஓடினாலும் மேட்டு நிலத்தில் இருப்பவர் முதலாவது இறக்கத்திலேயே வேறுபாட்டை உணர்வார். உங்கள் நண்பர் எங்கே இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. மலையில் இல்லை என்று நினைக்கிறேன். நீங்கள் இறங்குவது உப்பு வாகனம் வந்து போவதற்கு முன்னர், இருட்டில், மறுநாளும் விடாமல். உங்களுக்கு இந்த விதிவிலக்குப் பொருந்தாது.

வாங்கும்போது விலைச்சீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஐரோப்பிய ஒட்டுச்சீட்டைப் பாருங்கள். ஈரப் பிடிப்பு பி அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், ஏனெனில் உங்கள் பாதையில் குளிர்காலம் என்பது பெரும்பாலும் ஈரமான தார் வீதி. அதில் பனிக்கட்டிக்கான தனிச் சின்னம் இருக்கும் டயர் வடக்கு நாடுகளுக்கானது; இங்கே விரைவாகத் தேயும், ஈரத்தில் பின்தங்கும். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் வெளியாகும் ஏடிஏசி சோதனை முடிவுகளைப் பாருங்கள். மிக மலிவான, கேள்விப்படாத பெயர்கள் ஈரத்தில் பிரேக் பிடிக்கும் சோதனையில் அடிக்கடி தோற்பதைக் காண்பீர்கள். உற்பத்தி தேதி மூன்று வருடத்துக்குள் இருந்தால் புதியதாகவே எடுத்துக்கொள்ளலாம். ஒக்டோபர் தொடக்கத்திலேயே நேரம் பதிவுசெய்யுங்கள். முதல் பனி விழுந்த மறுநாள் எல்லாக் கடையிலும் வரிசை நிற்கும், கையில் கிடைத்ததை விற்பார்கள்.

பூட்டும்போது, நீங்கள் வாங்கும் இரும்பு ரிம்முக்கு உரிய போல்ட்டுகளைக் கேளுங்கள். உங்கள் வண்டியின் சொந்தப் போல்ட்டின் அமரும் முகம் உருண்டையானது. வெளிச்சந்தை அலுமினிய ரிம்களுடன் வருபவை பல கூம்பு முகம் கொண்டவை, மாற்றிப் போட்டால் இறுகியது போலத் தோன்றி ஓட ஓடத் தளரும். 120 நியூட்டன் மீற்றரில், காற்றுத் துப்பாக்கியால் அல்லாமல் முறுக்குவிசையை அளந்து இறுக்கும் திறப்பால் இறுக்கச் சொல்லுங்கள். ஐம்பது கிலோமீற்றர் ஓடியபின் அதே கடைக்கு வந்து மறுபடி இறுக்கித் தருவதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பூட்டும் கூலிக்குள் அதுவும் அடங்கும் என்று முதலிலேயே பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.