கண்ணாடி இருக்கட்டும், முதலில் நெஞ்சைப் பார்ப்போம்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுதும் 21 வயது மாணவிக்கு,

கண் கெடுமா, மூளைக்குக் கதிர் பாயுமா, தலை ஏன் சுற்றுகிறது என்று, தின்றதை வாந்தியாக வரவழைக்கும் உங்கள் பழக்கத்துக்குச் சிகிச்சையாகக் கோலாலம்பூர் மையத்தில் மாட்டிவிட்ட விஆர் கண்ணாடியைப் (செயற்கைக் காட்சியை நிஜம்போலக் காட்டும் கருவி) பற்றி இரண்டு பக்கம் கேட்டுவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "வாந்தி எடுத்த பிறகு சில நாள் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, நடுவில் ஒரு துடிப்பு விட்டுப்போகிற மாதிரி இருக்கிறது. கேஸ்ட்ரிக்தான் என்று நினைக்கிறேன்."

கேஸ்ட்ரிக் இல்லை அம்மா. அப்படி நீங்களாகவே முடிவு கட்டி, கடையில் மருந்து வாங்கிக் குடிக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம்.

அடிக்கடி வாந்தி எடுத்தால் உடம்பில் பொட்டாசியம் குறையும். வாந்தியோடு போவது கொஞ்சம்தான். இழந்த அமிலத்தையும் நீரையும் சரிக்கட்டப் பார்க்கும் சிறுநீரகம் இன்னும் நிறையப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் விட்டுவிடும். பேதி மாத்திரையும் போடுகிறீர்கள் என்றால் அந்த வழியிலும் போகும். இதயம் தாளம் தப்பாமல் அடிக்க இந்த உப்பு வேண்டும். ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்கு மேல் இருக்க வேண்டியது 2.5-க்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. உங்களைப் போலச் சிரித்துப் பேசிக்கொண்டு கிளினிக்குக்கு வந்த பெண்ணின் இசிஜி தாளைப் பார்த்துவிட்டு நானே ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கிறேன்.

அதனால் இதைப் படித்த மறுநாள் காலையிலேயே அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ கிளினிக் கெசிஹாத்தானுக்கோ (அரசாங்க சுகாதார கிளினிக்) போங்கள். கிளினிக்கில் பதிவுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். இசிஜி, பொட்டாசியத்துக்கு ரத்தப் பரிசோதனை, இரண்டையும் கேளுங்கள். அதற்குள் மயங்கி விழுந்தாலோ, படபடப்பு நிற்காமல் தொடர்ந்தாலோ, கைகால் துவண்டாலோ காலைவரை காத்திருக்க வேண்டாம், அவசர எண் 999-ஐ அழையுங்கள். அங்கே போய் "நெஞ்சு படபடக்கிறது" என்று மட்டும் சொன்னால் பரீட்சைப் பயம் என்று அனுப்பிவிடுவார்கள். "வாரத்துக்கு இத்தனை தடவை வாந்தியை வரவழைக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். கவுண்டரில் இருக்கும் நர்ஸ் உங்கள் பெரியம்மாவுக்குத் தெரிந்தவர், தோட்டம் முழுக்கப் பரவிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள், கதவைச் சாத்திக்கொண்டு சொல்லுங்கள்.

"நான் 54 கிலோ, பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள்" என்கிறீர்கள். புலிமியா (அளவுமீறித் தின்றுவிட்டு வாந்தி எடுத்து வெளியேற்றும் நோய்) வந்தவர்களில் பெரும்பாலோர் சாதாரண எடையில்தான் இருப்பார்கள். பொட்டாசியம் எடை பார்த்து இறங்குவதில்லை.

100 பிளஸ் பானமும் வாழைப்பழமும் போதும் என்று எந்த வீடியோ சொன்னதோ, அதை மறந்துவிடுங்கள். அது ஓடியாடி வியர்த்தவனுக்கு. பொட்டாசியம் மாத்திரையை ஆன்லைனில் வாங்கும் யோசனை அதைவிட மோசம். கூடினாலும் இதயம் நிற்கும். அப்புறம் நீங்கள் குடிக்கும் அந்த ஸ்லிம்மிங் (உடம்பு இளைக்க என்று விற்கும்) காப்பி. பாக்கெட்டில் மால் (MAL) என்று தொடங்கும் மருந்துப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். மாரடைப்பு, பக்கவாதம் பயத்தால் 2010-இல் பல நாடுகள் விலக்கிய சிபுட்ராமின் என்ற மருந்தை இப்படிப்பட்ட காப்பிகளில் நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. துடிப்பு தப்பும் நெஞ்சுக்கு அதையும் ஊற்றாதீர்கள்.

கண்ணாடிக்கு வருவோம். கண் கெடாது. கதிரும் இல்லை, கைத்தொலைபேசித் திரையைப் போல ஒரு திரைதான். தலைசுற்றலும் குமட்டலும் கண்ணுக்கும் காதுக்கும் நடக்கும் சண்டை: கண் நடக்கிறோம் என்கிறது, உள்காது உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். கன்னம் உப்பியிருப்பதும் கொழுப்பு இல்லை. அடிக்கடி வாந்தி எடுத்ததால் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கியிருக்கிறது. வாந்தி நின்றால் நாளடைவில் வற்றிவிடும்.

இவை எதுவும் உங்கள் உண்மையான பயம் இல்லை என்று நினைக்கிறேன். கோலாலம்பூர் மையத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தபோது சாதாரணமான ஒரு பெண்ணின் உடம்பு தெரிந்தது, அது உங்களுடையதாகவே தோன்றியது, அழுதுவிட்டீர்கள். மறுநாள் ஹாஸ்டலில் பல் விளக்கும்போது பார்த்தால் பழையபடி குண்டு உடம்பு. "இதுவும் எனக்கு வேலை செய்யவில்லை என்றால் இனி எது செய்யும்?"

வேலை செய்தது. அது அவ்வளவு நேரம்தான் செய்யும். நெதர்லாந்தின் உட்ரெக்டில் இதே வித்தையை அனோரெக்சியா (எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்து மெலிந்துபோகும் நோய்) உள்ள பெண்களிடம் செய்து பார்த்து 2016-இல் வெளியிட்டார்கள். அந்தப் பெண்களின் வயிற்றை பிரஷ்ஷால் தடவும் அதே நேரத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் உடம்பின் வயிற்றையும் பிரஷ் தடவுவதாகக் காட்டினால் மூளை ஏமாந்து அந்த உடம்பைத் தனதாக எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு தன் உடம்பை எவ்வளவு பெரிதாக நினைக்கிறோம் என்ற கணக்கு உண்மைக்குக் கொஞ்சம் நெருங்கி வருகிறது. இரண்டே முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் மாற்றம் இருந்தது. பாருங்கள், அவர்களே மணிக்கணக்கில்தான் அளந்தார்கள். நீங்கள் ஒரே தடவையில் ஆயுளுக்கும் மாற வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறீர்கள். அன்று கண்ணாடிக்குள் நடந்ததிலிருந்து எனக்குத் தெரிவது, உங்கள் கண் உங்களுக்குப் பொய் சொல்கிறது, அந்தப் பொய்யை அசைக்கவும் முடிகிறது என்பதுதான்.

கண்ணாடிக்குள் உங்களுக்குக் காட்டிய சமையலறைக் காட்சி வேறு வகை. பிடித்த உணவின் முன்னால் நிறுத்தி, தின்னாமலே அந்த வேகம் தானாகத் தணியும்வரை இருக்கச் சொல்வார்கள். பார்சலோனா பல்கலைக்கழகத்தினர் முன்னின்று நடத்திய ஆய்வு ஒன்று 2017-இல் வந்தது. அளவுமீறித் தின்பதற்குப் பேச்சு சிகிச்சை எடுத்தும் முழுதாகச் சரியாகாத 64 பேர், மேலும் 6 அமர்வு. கண்ணாடி மாட்டிய குழுவில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் அளவுமீறித் தின்பதை நிறுத்தியிருந்தார்கள். பேச்சு சிகிச்சையையே தொடர்ந்தவர்களில் நாலில் ஒருவர். நல்ல பலன்தான். ஆனால் இவர்கள் எல்லோரும் முதலில் பேச்சு சிகிச்சையை முடித்துவிட்டு வந்தவர்கள். நீங்கள் அதை இரண்டு வாரத்தில் விட்டுவிட்டு நேராகக் கண்ணாடிக்குப் போயிருக்கிறீர்கள்.

"உள்ளே பீட்சாவும் கேக்கும்தான், வாசனைகூட இல்லை, சிரிப்பு வந்தது. வீட்டில் அம்மா நெத்திலிச் சம்பல் கிளறினால் கை நடுங்குகிறது" என்று எழுதியிருப்பது கடிதத்திலேயே மிக உபயோகமான வரி. இதை அப்படியே உங்கள் ஆலோசகரிடம் சொல்லுங்கள். அந்தப் பயிற்சியைக் கண்ணாடி இல்லாமல், ஒரு பாக்கெட் நாசி லெமாக்கை நடுவில் வைத்தும் செய்யலாம். ஆளும் கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால்தான் அண்ணன் வாங்கிவந்த கண்ணாடியில் ஏதோ ஒரு செயலியைப் போட்டு ராத்திரி தனியாகச் செய்வதை நிறுத்தச் சொல்கிறேன். பயம் உச்சிக்கு ஏறும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் தணியும்வரை பிடித்துவைப்பார். தனியாக இருந்தால் கழற்றிப் போட்டுவிட்டு நேரே அடுப்படிக்கு ஓடுவீர்கள்; போன வாரம் அதுதானே நடந்தது? கழற்றினால்தான் தப்பிக்கலாம் என்று மூளை படித்துக்கொள்ளும்.

ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போதே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு ஒரு கடிதம் கேட்டு வாங்கிவாருங்கள். தேதி கிடைக்கும்வரை தாங்க முடியவில்லை என்றால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான 15555-க்கு அழைத்துப் பேசலாம். அம்மாவிடம் எப்போது சொல்வது என்பதை அப்புறம் யோசிப்போம். பொட்டாசியம் எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள். கண்ணாடியை அண்ணனிடமே கொடுத்துவிடுங்கள், அவர் கேம் விளையாடட்டும்.