திருவிழாப் பாட்டு: வருகைப் பாடலில் தொடங்காதீர்கள்

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிளைக்கிராமம். ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்பு, எங்கள் ஆலயத் திருவிழா. பாடகர் குழுவில் எட்டுப் பேர், ஒரு கீபோர்டு. பிள்ளைகள் யூடியூபில் கேட்ட புதுப் பாட்டு வேண்டும் என்கிறார்கள், பெரியவர்கள் பழசுதான் என்கிறார்கள். எப்படித் தேர்வு செய்வது?

தம்பி, புதுசா பழசா என்ற பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எல்லோரும் திருப்பலி (பூசை) தொடங்கும்போது பாடும் வருகைப் பாட்டில்தான் ஆரம்பிக்கிறோம், ஒத்திகை எல்லாம் அதற்கே போய்விடும், கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாட வேண்டிய 'தூயவர்' என்ற புகழ்ச்சி வரும்போது பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். வழிபாட்டு இசை பற்றி 1967இல் உரோமையிலிருந்து வந்த அறிவுரையில் வரிசையே வேறு. குருவுக்கு மக்கள் பாடும் பதில்கள், தூயவர், 'விண்ணுலகில் இருக்கிற' செபம் இவைதான் முதல் படி. அடுத்து 'ஆண்டவரே இரக்கமாயிரும்', இறைவனைப் புகழும் வானவர் கீதம், நற்கருணைக்கு முன் வரும் 'உலகின் பாவங்களை'. வருகைப் பாட்டு, காணிக்கைப் பாட்டு, மக்கள் நற்கருணை அப்பம் வாங்கும்போது பாடும் பாட்டெல்லாம் அதற்கு அப்புறம்தான். மக்களுக்கு உரியதை மக்களுக்குத் தெரிந்த பழைய மெட்டிலேயே வையுங்கள், அதில் பெரியவர்கள் பக்கம்தான் நியாயம். பிள்ளைகளுக்கு வருகைப் பாட்டைக் கொடுங்கள், ஒன்றே ஒன்று புதுசு போதும்.

வானவர் கீதத்துக்குப் பதிலாக அதே பொருளில் வேறு பாட்டு பாடக்கூடாது, சொற்கள் திருப்பலி நூலில் உள்ளபடியே இருக்க வேண்டும். முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடலுக்குப் பதிலாகவும் வேறு பாட்டு கூடாது. அன்றைக்கு விவிலியத்தின் 45ஆம் திருப்பாடல், அரசரின் வலப்பக்கம் பொன் அணிந்து அரசி நிற்கும் காட்சி. அந்தப் பல்லவிக்கு எளிய மெட்டு ஒன்று போட்டுப் பாடிப் பாருங்கள், திருவிழாவே அதில் இருக்கிறது. நற்செய்தியில் மரியா எலிசபெத்தைச் சந்தித்துப் பாடும் புகழ்ப்பா வருகிறது, அதனால் 'என் ஆன்மா ஆண்டவரை' என்று அந்தச் சொற்களில் அமைந்த பாட்டு ஏதாவது தெரிந்தால் நற்கருணைக்குப் பிந்தைய நன்றிப் பாடலாக வையுங்கள்.

அப்புறம் சுருதி. இதைத்தான் யாரும் கேட்பதில்லை. எங்கள் பங்கில் ஒரு வருடம் கீபோர்டுக்காரர் ஒலிப்பதிவில் இருந்த அதே சுருதியில் வாசித்தார், பல்லவி நன்றாகத்தான் போனது, சரணம் மேலே ஏறியதும் பெண்கள் பக்கம் அப்படியே அடங்கிப்போய் மைக்கில் இரண்டு குரல் மட்டும் மிச்சம். எனக்கு இன்னும் மனசு கஷ்டமாக இருக்கிறது, அவ்வளவு கூட்டம், பாட ஆசையோடு வந்த கூட்டம். ஊரில் வயதான ஒரு பாட்டியை ஒத்திகைக்கு அழைத்து உட்கார வையுங்கள். பாட்டின் உச்சமான வரியை அவரால் கத்தாமல் பாட முடிகிற வரை டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திச் சுருதியை இறக்குங்கள்.

காணிக்கைப் பாட்டு நான்கு சரணம் இருந்தாலும், ஃபாதர் பீடத்தில் கை கழுவும் சடங்கை முடித்ததும் நிறுத்துங்கள். அவர் பீடத்தில் காத்து நிற்க நீங்கள் மூன்றாவது சரணம் பாடக்கூடாது. காணிக்கைப் பவனியில் வாழைத்தார், அரிசி, தேங்காய் என்று ஊரே வரிசையில் வந்தால் மட்டும் நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். நற்கருணைக்குச் சின்னப் பல்லவி உள்ள பாட்டு நல்லது, நடந்து வருகிறவர் கையில் புத்தகம் இருக்காது.

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் பாடும் பாட்டுகளைப் பிள்ளைகள் கண்டிப்பாகக் கேட்பார்கள், 29ஆம் தேதி கொடியேற்றத்துக்கு இரண்டு வாரம்தானே இருக்கிறது. அதை ராத்திரி தேர்பவனிக்கு வையுங்கள். டிரம், கைத்தட்டல் எல்லாம் அங்கே தாராளமாகப் போகட்டும்.